தண்ணியில்லாக் காடா, வராகன் மரத்தடியா? வேவலை சர்ச்சில் இந்தியாவுக்கு மாற்றிய கணக்கு

1941 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கெய்ரோவில் ஜெனரல் ஆர்ச்சிபால்ட் வேவல் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். லண்டனிலிருந்து வந்த தந்தியோடு அவருடைய தலைமை அதிகாரி ஆர்தர் ஸ்மித் உள்ளே வந்து படித்துக் காட்டினார். மத்திய கிழக்குத் தலைமைத் தளபதி பதவியிலிருந்து வேவல் விடுவிக்கப்படுகிறார். இந்தியாவின் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் கெய்ரோவுக்கு வருகிறார், வேவல் அவருடைய நாற்காலிக்குப் போகவேண்டும். முகத்தில் நுரையோடு நின்ற வேவல், "பிரதமர் செய்தது சரிதான், இந்த வேலைக்குப் புதுக் கண்ணும் புதுக் கையும் வேண்டும்" என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாராம். கண் என்று அவர் சொன்னதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில் இடது கண்ணைப் பறிகொடுத்தவர் அவர்.

நம் ஊரில் ஓர் அதிகாரியை ஓரங்கட்டினால் 'தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிட்டாங்க' என்போம். வேவல் விஷயத்தில் இது தலைகீழ். நிஜமான தண்ணியில்லாக் காட்டில், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், போர் நடத்திக்கொண்டிருந்தவரைத் தூக்கி டெல்லியில் போட்டார்கள். ஆனால் அன்றைக்குச் சண்டை பாலைவனத்தில்தான் நடந்தது, டெல்லியில் கோப்புதான் நகர்ந்தது. ஒரு படைத்தலைவனுக்கு அதைவிடப் பெரிய காடு ஏது?

சர்ச்சில் இதை வேறு மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். இந்தியாவில் 'பகோடா மரத்தடியில்' உட்கார்ந்திருக்க வேவலுக்குப் பிடிக்கும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். பகோடா என்றதும் நம் தட்டுக்கு வரும் பக்கோடா நினைவுக்கு வரும், அது இல்லை. கம்பெனி காலத்தில் சென்னைப் பக்கம் புழங்கிய வராகன் என்ற தங்க நாணயத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் பகோடா என்றார்கள். 1818இல் ரூபாய் வந்து ஓரங்கட்டும்வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வரவு செலவே வராகனில்தான். இந்தியாவுக்கு வந்து காசு பார்ப்பதை 'பகோடா மரத்தை உலுக்குவது' என்பார்கள். மற்றவர்கள் உலுக்கிய மரத்தின் நிழலில் வேவல் ஓய்வெடுக்கட்டும் என்பது சர்ச்சிலின் கணக்கு.

அந்தக் கணக்கு சரியா என்பதைப் பார்க்க, அன்று அவர் முன்னால் இருந்த வேறு வழிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். என் கணக்கில் நான்கு வழிகள் இருந்தன: வேவலை அங்கேயே விட்டுவைப்பது, அவர் சுமையைப் பிரிப்பது, லண்டனுக்கு அழைப்பது, இந்தியாவுக்கு அனுப்புவது.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது

வேவல் சாதாரண ஆள் இல்லை. 1940 டிசம்பர் 9இல் தொடங்கிய தாக்குதலில், சுமார் 36,000 பேரை வைத்துக்கொண்டு, பத்து வாரத்துக்குள் எகிப்திலிருந்து லிபியாவின் பாதிவரை இத்தாலியர்களைத் துரத்தி, 1,30,000 பேரைச் சிறைப்பிடித்தது அவருடைய படை. களத்தில் நடத்தியவர் ஓ'கானர், அனுமதியும் ஆதரவும் வேவலுடையது. அந்தப் படையில் 4ஆவது இந்திய டிவிஷன் இருந்தது, அதோடு படைப் பொறியாளர்களான மதராஸ் சாப்பர்ஸும் போயிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நிலத்தில் ஜெயித்துக் காட்டிய பிரிட்டிஷ் தளபதி என்று சொல்ல வேறு ஆளே இல்லை.

இருந்தாலும் இவருக்கும் சர்ச்சிலுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை. சர்ச்சில் பேச்சிலேயே யோசிக்கிற மனிதர், எதிரில் இருப்பவர் மல்லுக்கு நிற்கவேண்டும். வேவலோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். நூற்றுக்கணக்கான கவிதைகள் மனப்பாடம், ஆனால் மேஜையில் மௌனம். 1940 ஆகஸ்டில் லண்டனில் சந்தித்தபோது, இவர் ஒரு நல்ல சராசரி கர்னல் என்ற முடிவுக்குத்தான் சர்ச்சில் வந்தார். அதே மாதம் பிரிட்டிஷ் சோமாலிலாந்தை விட்டுப் படை பின்வாங்கியபோது சேதம் 260 பேர்தான். இவ்வளவு குறைந்த சேதத்தில் ஒரு நாட்டை விட்டுக்கொடுத்ததா என்று சர்ச்சில் கோபப்பட்டார். கசாப்புக் கடைக் கணக்கு பெரிதாக இருந்தால் அது நல்ல போர்த்தந்திரத்துக்குச் சாட்சி ஆகிவிடாது என்று வேவல் பதில் தந்தி அடித்தார். உண்மைதான், ஆனால் பிரதமருக்கு அனுப்பக்கூடிய உண்மையா? அந்த ஒரு வரி சர்ச்சில் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அப்புறம் 1941 வந்தது. கிரேக்கத்துக்குப் படை அனுப்பினார்கள், ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து கப்பலேறித் தப்பினார்கள். பிப்ரவரி 12இல் லிபியாவின் திரிப்போலியில் வந்திறங்கிய ஜெர்மன் தளபதி ரோமல், மார்ச் கடைசியில் கிளம்பி ஏப்ரல் நடுவில் எகிப்து எல்லைக்கே வந்துவிட்டார். வழியில் ஓ'கானரே ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். கிரீட் மே 20இல் தாக்கப்பட்டு ஜூன் முதலில் விழுந்தது. ஈராக்கில் பிரிட்டனுக்கு எதிராக ரஷீத் அலியின் கலகம், சிரியாவில் ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி பிரெஞ்சு அரசின் படையோடு சண்டை, எத்தியோப்பியாவில் இத்தாலியர்களின் கடைசி எதிர்ப்பு. ஆறு இடத்தில் ஒரே சமயம் அடுப்பு எரிந்தது, ஊதுவதற்கு ஒரே ஒரு ஆள்.

வேவலே இருக்கட்டும் என்றிருந்தால்?

முதல் வழியின் பலம் எளிமையானது: அனுபவம். அந்த மண்ணை, அந்தப் படையை, கெய்ரோவின் அரசியலை அவரைப்போல் தெரிந்தவர் இல்லை. பலவீனமும் எளிமையானது: பிரதமருக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. ராணுவத் தலைமை அதிகாரியான டில், சர்ச்சிலிடம் முன்பே சொன்னது இதுதான்: ஒன்று அவர் பின்னால் நில்லுங்கள், இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். சர்ச்சில் இரண்டையும் செய்யாமல் பத்து மாதம் தந்தி அடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த உறவை முடித்துவைத்தது டாங்கிகள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் வாரக்கணக்கில் ஆகும் என்று, மத்தியதரைக் கடல் வழியாகவே டாங்கிக் கப்பல்களை அனுப்பச் சர்ச்சில் தானே பிடிவாதம் பிடித்தார். ஒரு கப்பல் 57 டாங்கிகளோடு மூழ்கியது, மே 12இல் 238 டாங்கிகள் அலெக்சாந்திரியா சேர்ந்தன. அவற்றைப் 'புலிக்குட்டிகள்' என்று கொஞ்சிக்கொண்டிருந்தார் பிரதமர். கெய்ரோவில் பெட்டியைத் திறந்து பார்த்தால் கியர் பாக்ஸில் கோளாறு, மணல் வடிகட்டி இல்லை, பாலைவனத்துக்கு ஏற்ற பெயின்ட் இல்லை. ஓட்டப் பழகுவதற்கும் நாள் வேண்டும். லண்டனுக்கு இதெல்லாம் சாக்காகத் தெரிந்தது.

ஜூன் 15இல் வேவலின் படை ரோமலைத் தாக்கியது. எகிப்து எல்லையில் இருந்த ஹால்ஃபாயா கணவாயில், பாதிரியாராக இருந்து ஜெர்மன் படைக்கு வந்த வில்ஹெல்ம் பாக் என்பவர் 88 மி.மீ. பீரங்கிகளை மண்ணில் புதைத்து, குழாய் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக் காத்திருந்தார். விமானத்தைச் சுடச் செய்த பீரங்கி அது. கனத்த இரும்புப் போர்வை போர்த்திய மெட்டில்டா டாங்கியை அசைக்கமுடியாது என்று நம்பி வந்தவர்கள் வரிசையாக எரிந்தார்கள். மூன்று நாளில் 91 டாங்கிகள் போயின. அந்தத் தோல்விக்கு மிகவும் வருந்துகிறேன் என்று வேவல் தந்தி அனுப்பினார். அதற்குப் பின்னும் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கச் சர்ச்சில் தெய்வமாக இருந்திருக்கவேண்டும். ஆகவே இந்த வழியை அவர் தள்ளியதில் எனக்கு வருத்தமில்லை.

சுமையைப் பிரித்திருக்கலாமே

யாரும் அதிகம் பேசாத வழி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வேவலின் களைப்பு அவருடைய குணக்குறை இல்லை, வேலையின் அளவு. எகிப்து, சூடான், பாலஸ்தீனம், சைப்ரஸ், ஏடன், ஈராக் என்று நீண்ட பரப்பில் படை நடத்துவது மட்டுமா அவர் வேலை? அரசர்களோடு பேசுவது, ஜெர்மனிக்குப் பணியாத பிரெஞ்சுத் தலைவர் தே காலின் ஆட்களைச் சமாளிப்பது, துறைமுக நெரிசல், கோதுமை, ரயில் பெட்டி எல்லாம் அவர் தலையில். அரசியல் வேலையைப் பார்த்துக்கொள்ள மந்திரி அந்தஸ்தில் ஓர் ஆள் வேண்டும் என்று ஏப்ரலிலேயே அவர் கேட்டிருந்தார்.

ஆள் வந்தார். ஆலிவர் லிட்டல்டன், அமைச்சர் அந்தஸ்தோடு, 1941 ஜூலை முதல் வாரத்தில் கெய்ரோ வந்திறங்கினார். அதே வாரத்தில்தான் ஆக்கின்லெக் பொறுப்பேற்றார். கேட்டவருக்குக் கிடைக்கவில்லை, கேட்காதவருக்குக் கிடைத்தது. அலுவலகத்தில் இரண்டு வருடம் உதவியாள் கேட்டு அலுத்துப் போனவர் மாற்றலாகிப் போன மறுநாள் புது உதவியாளர் வந்து சேருவாரே, அதே கதை. 1942 ஆகஸ்டில் ஈரானையும் ஈராக்கையும் கெய்ரோவிடமிருந்து பிரித்துத் தனிக் கட்டளையும் ஆக்கினார்கள். அதாவது இந்த வழி நடக்காத காரியம் இல்லை, பின்னால் செய்துதான் ஆகவேண்டியிருந்தது. ஜூனிலேயே செய்திருந்தால் வேவல் தேறியிருப்பாரா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் ஆள் சரியில்லையா, வேலை சரியில்லையா என்பதாவது தெரிந்திருக்கும்.

லண்டனுக்கு வேண்டவே வேண்டாம்

மூன்றாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேவல் கொஞ்சநாள் விடுப்பில் ஊருக்கு வந்துபோக விரும்பினார். சர்ச்சில் மறுத்துவிட்டார். லண்டனில் தன் கிளப்பில் அறை எடுத்துக்கொண்டு அவர் சும்மா உலாத்துவதை அனுமதிக்கமுடியாது என்றார். பயம் புரிகிறது. மக்களுக்குத் தெரிந்த வீரர், அநியாயமாக மாற்றப்பட்டார் என்று பத்திரிகை எழுதும், எம்.பி.க்கள் தேடி வருவார்கள். அவர் வாயே திறக்காவிட்டாலும் அவருடைய மௌனமே எதிர்க்கட்சியாக மாறும். பதவியில்லாத பிரபல தளபதி தலைநகரில் இருப்பது எந்தப் போர்க்காலத் தலைவருக்கும் தலைவலிதான்.

சர்ச்சில் பார்த்த நல்ல பக்கம்

இப்போது நான்காவது வழி. இதை வெறும் பழிவாங்கல் என்று நினைத்தால் தப்பு. அன்றைய கணக்கில் இதில் நாலைந்து நல்ல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. இந்தியத் தலைமைத் தளபதி பதவி அந்தஸ்தில் குறைந்ததில்லை, ஆகவே இது பதவியிறக்கம் என்று யாரும் சொல்லமுடியாது. வேவல் இளம் வயதில் இந்தியாவில் பணியாற்றியவர். களைத்தவருக்கு ஓய்வு. லண்டனிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாற்காலியிலிருந்து எடுக்கவேண்டிய ஆள்தான் சர்ச்சிலுக்குத் தேவைப்பட்டவர்.

ஈராக் கலகம் வெடித்தபோது, என்னிடம் அனுப்பப் படை இல்லை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார் வேவல். ஆக்கின்லெக்கோ இந்தியாவிலிருந்து சட்டென்று ஒரு படைப்பிரிவை பஸ்ராவுக்குக் கப்பலேற்றினார். சர்ச்சில் மனதில் அன்றே எடைபோட்டுவிட்டார். ஒரு தூண்டிலில் களைத்த மீன், இன்னொன்றில் துள்ளுகிற மீன், இரண்டையும் மாற்றிப்போட்டால் தீர்ந்தது. இது அவரே சொன்ன உவமை.

சரி, துள்ளுகிற மீன் என்ன செய்தது? கெய்ரோ போன ஆக்கின்லெக், தயாராகாமல் தாக்கமாட்டேன் என்றார். ஜூலை கடைசியில் அவரை லண்டனுக்கே வரவழைத்துச் சர்ச்சில் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. தாக்குதல் நவம்பர் 18இல்தான் தொடங்கியது. வேவல் ஜூனில் பாதித் தயாரிப்போடு செய்யத் தள்ளப்பட்ட காரியத்துக்கு ஆக்கின்லெக் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். ஜூனில் வேவல் சொன்ன 'சரி'தான் அவருக்கு எமனாகியது என்று எனக்குப் படுகிறது. முடியாது என்று ஜூனில் அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை வேலை போயிருக்கும், ஆனால் 91 டாங்கிகள் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. ஆக்கின்லெக் இந்தியப் படையிலேயே வளர்ந்தவர், பஞ்சாபிச் சிப்பாய்களின் மொழியில் பேசக்கூடியவர். பிரிட்டிஷ் படையின் அதிகாரிகளில் யார் எப்படி என்று அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கெய்ரோவில் அவர் தேர்ந்தெடுத்த களத் தளபதிகளான கன்னிங்ஹாம், ரிட்சி இருவரையும் அவரே பின்னால் நீக்க வேண்டிவந்தது. ஆக, மாற்றலில் இரண்டு பேருமே தனக்குத் தெரிந்த களத்தை விட்டுவிட்டுத் தெரியாத களத்துக்குப் போனார்கள்.

ஹிட்லர் போட்ட வேறு கணக்கு

அதே பாலைவனத்துக்கு எதிர்ப்பக்கமும் ஒரு பெரிய தளபதியை அனுப்பியதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. ஹிட்லருக்கு ஆப்பிரிக்கா இரண்டாம்பட்சம், அவர் கண் முழுக்க ரஷ்யாமேல். இருந்தும் பிரான்ஸ் போரில் பேர் வாங்கிய ரோமலை அங்கே அனுப்பினார். ஓரங்கட்ட இல்லை. ஆரம்பத்தில் கொடுக்கப்போவது இரண்டே டிவிஷன், அதை வைத்து இத்தாலி அடியோடு சாயாமல் முட்டுக்கொடுக்க வேண்டும். படை குறைவாக இருந்தால் தளபதி பெரிதாக இருக்கட்டும் என்ற கணக்கு. மலிவான முதலீடு, நல்ல லாபம். தொல்லை என்னவென்றால், அப்படிப்பட்ட தளபதி முட்டுக்கொடுப்பதோடு நிற்கமாட்டார். பெர்லினில் ராணுவத் தலைமை அதிகாரி ஹால்டர், இந்த மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிற அளவுக்கு நாட்குறிப்பில் எழுதினார், தன் துணை அதிகாரி பவுலஸை அனுப்பி அடக்கப் பார்த்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சர்ச்சிலின் முடிவில் உள்ள ஓட்டை தெரிகிறது. ஹிட்லர் களத்தைப் பார்த்து ஆளைத் தேடினார். சர்ச்சில் ஆளைப் பார்த்து, அவரை வைக்க ஓர் இடம் தேடினார். இந்தியாவுக்கு எப்படிப்பட்ட தளபதி வேண்டும் என்ற கேள்வி அந்த ஜூனில் எழவே இல்லை.

மரத்தடிக்கு வந்த நெருப்பு

டெல்லிக்கு வந்த வேவல் உட்காரவில்லை. பர்மா அப்போது சிங்கப்பூரில் இருந்த தூரக்கிழக்குக் கட்டளையின் கீழ் இருந்தது. பர்மாதான் இந்தியாவின் வாசற்கதவு, அதை இந்தியாவோடு சேருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஜப்பான் அடித்த பிறகு, 1941 டிசம்பரில், சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் திருடன் வந்த பிறகு சாவியை நீட்டிய மாதிரி.

அதுவும் போதாதென்று 1942 ஜனவரியில் பர்மாவிலிருந்து பிலிப்பைன்ஸ்வரை நான்கு நாட்டுப் படைகளுக்குக் கூட்டுத் தளபதி ஆக்கி ஜாவாவுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் சிங்கப்பூருக்குக் கடைசியாகப் போய்த் திரும்பும்போது, இருட்டில் கடலோரக் கட்டையிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுக்கொண்டார் அந்த ஒற்றைக் கண் மனிதர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது, மார்ச் 8இல் ரங்கூன் போனது.

ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திரிகோணமலை என்று குண்டு விழுந்தது. சென்னையில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். பழைய சென்னைக் குடும்பங்களில் 'எவாக்குவேஷன் சமயம்' என்று பேசுவது இந்த நாட்களைத்தான். அதே வாரத்தில் வேவல் லண்டனுக்கு அனுப்பிய செய்தி ஒன்று உண்டு. வங்காள விரிகுடாவில் போர்க்கப்பல்களும் ஏறக்குறைய ஒரு லட்சம் டன் சரக்குக் கப்பல்களும் மூழ்கின, எதிர்க்க எங்களிடம் இருந்தது இருபதுக்கும் குறைவான இலகு குண்டுவீச்சு விமானங்கள், இந்தச் சமயத்தில் ஜெர்மனியின் ஒரே ஊர்மேல் இருநூறுக்கும் மேற்பட்ட கனரக விமானங்கள் போனதைப் பார்த்தால் யோசனை வருகிறது என்று எழுதினார். இரண்டாம்பட்சக் களம் என்றால் என்ன என்பதை இதைவிட யாரும் அடக்கமாகச் சொன்னதில்லை. அந்தக் களத்தில் தளபதியின் பெயர்தான் பெரிது, விமானத்தின் எண்ணிக்கை சிறிது.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஆக்கின்லெக் டெல்லியிலேயே இருந்திருந்தாலும் பர்மா தப்பியிருக்காது. ஆள் குறையால் விழுந்ததில்லை அது. ஆனால் களைத்துப்போனவர் என்று சொல்லித்தானே வேவலை மாற்றினார்கள்? அதே களைத்தவர் தலையில் ஆறு மாதத்துக்குள் முன்னைவிடப் பெரிய சுமையை ஏற்றியது எந்த ஊர் நியாயம்?

சர்ச்சில் இந்தியாவை இப்படி நினைத்தது இது ஒரு தடவை மட்டுமில்லை. ஆறு மாதம் கழித்து ராணுவத் தலைமை அதிகாரி டில்லையும் மாற்றியபோது, அவருக்கு முதலில் நிச்சயித்த இடம் பம்பாய் கவர்னர் மாளிகை. நல்லவேளையாக அவர் சர்ச்சிலோடு வாஷிங்டன் போனவர் அங்கேயே தங்கி, அமெரிக்கர்களோடு பிரிட்டனை ஒட்டவைத்த பசையானார். ஓரங்கட்டப்பட்டவர்களில் இவருக்கு மட்டும் சரியான ஓரம் கிடைத்தது.

1942 ஆகஸ்டில் ஆக்கின்லெக்கின் முறை வந்தது. எல் அலமெய்னில் ரோமலை நிறுத்திய பிறகும் சர்ச்சில் அவரை நீக்கினார். புதிதாகப் பிரித்த ஈரான்–ஈராக் கட்டளையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேவல் சவரக் கத்தியோடு தலையாட்டிய இடத்தில் இவர் தலையாட்டவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்தியாவுக்குப் போய்ப் பதவியில்லாமல் பத்து மாதம் இருந்தார். 1943 ஜூனில் வேவலை வைஸ்ராய் ஆக்க முடிவானது. அக்டோபரில் பதவியேற்ற வேவல், ஒரு வாரத்துக்குள் கல்கத்தா போய்ப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து, நிவாரணத்துக்கு ராணுவத்தை இறக்கினார். அவர் காலிசெய்த தலைமைத் தளபதி நாற்காலிக்கு டெல்லியில் ஆள் தேட அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்ட ஆக்கின்லெக்கே மறுபடி வந்து உட்கார்ந்தார்.